1929இல் தமிழகம்

ஆண்டுகளுள் சில பேர் பெற்றவை. 1857 என்றதும் சிப்பாய்ப் புரட்சி நினைவுக்கு வரும். 1919 என்றால் ஜாலியன்வாலா பாக். 1930 என்றால் உப்பு அறப்போர். 1942 என்றால் 'வெள்ளையனே வெளியேறு' முழக்கம். 1929 என்ற எண்ணைச் சொன்னால் வரலாற்று மாணவர் கூடச் சற்றே தயங்குவர். லாகூர்க் காங்கிரசையும் நியூயார்க் பங்குச் சந்தையின் வீழ்ச்சியையும் சிலர் சுட்டக்கூடும். இவ்விரண்டும் தமிழகத்திற்கு அப்பால் நிகழ்ந்தவை. அவ்வாண்டில் தமிழகத்தில் நிகழ்ந்தவை யாவை?

போர் எதுவும் நிகழவில்லை. துப்பாக்கிச் சூட்டால் நினைக்கப்படும் களமும் இல்லை. அவ்வாண்டின் செயல்கள் பெரும்பாலும் தாளில் எழுதப்பட்டவை: மாநாட்டுத் தீர்மானங்கள், சட்டங்கள், ஓர் ஆணையம், ஒரு பல்கலைக்கழகம், ஓர் ஆய்வுக் கட்டுரை. ஆயினும் இன்று நாம் பெயர் எழுதும் முறை, அரசுப் பணிக்குச் செல்லும் வழி, மகளுக்குச் சொத்தில் உள்ள பங்கு, அவளது மணவயது ஆகிய பலவற்றின் வேரைத் தேடிச் சென்றால் 1929ஐக் கடந்தே செல்ல வேண்டியுள்ளது. தாளில் எழுதப்பட்ட ஒன்று வாழ்க்கையை வந்தடைய எத்தனை காலம் ஆகிறது என்பதை அளந்து காட்டும் ஆண்டாகவும் அஃது அமைந்துள்ளது. இக்கோணத்தில் அவ்வாண்டை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

காலமும் களமும்

விபவ ஆண்டின் பிற்பகுதியும் சுக்கில ஆண்டின் முற்பகுதியும் சேர்ந்தது 1929. ஹிஜ்ரிக் கணக்கில் 1347ஆம் ஆண்டு முடிந்து 1348ஆம் ஆண்டு பிறந்த காலம். தமிழ் வழங்கும் மாவட்டங்கள் அப்போது சென்னை மாகாணத்தின் ஒரு பகுதியாக விளங்கின. புதுக்கோட்டை தனி மன்னராட்சியாக இருந்தது.

மாகாணத்தில் இரட்டையாட்சி முறை நிலவியது. கல்வி, சுகாதாரம், உள்ளாட்சி போன்ற துறைகள் மக்கள் தேர்ந்தெடுத்தவர்களிலிருந்து அமர்த்தப்பட்ட அமைச்சர்களிடமும், நிதி, காவல், நிலவரி போன்றவை ஆளுநரின் நிருவாகக் குழுவினரிடமும் இருந்தன. முதலமைச்சராக இருந்தவர் டாக்டர் ப. சுப்பராயன். சொத்துத் தகுதியுடைய ஒரு சிறு பகுதியினர்க்கே வாக்குரிமை இருந்தது. எனினும் 1921லேயே பெண்டிர்க்கு வாக்குரிமை வழங்கிய பெருமை சென்னை மாகாணத்திற்கு உண்டு.

சைமன் குழுவினர் தம் இரண்டாம் சுற்றில் 1929 பிப்ரவரியில் சென்னைக்கு வந்தனர். இந்தியர் ஒருவரும் இல்லாத குழு என்பதால் காங்கிரசார் கறுப்புக்கொடி காட்டினர், நீதிக்கட்சியினர் ஒத்துழைத்தனர். செய்தித்தாள்கள் இதனையே பெரிதாக எழுதின. ஆனால் அதே பிப்ரவரியில், சென்னைக்குத் தெற்கே சற்றுத் தொலைவிலிருந்த ஓர் ஊரில் கூடிய கூட்டம், பின்னாளில் அதனினும் ஆழமான தடத்தைப் பதித்தது.

செங்கற்பட்டு மாநாடு

1929 பிப்ரவரி 17, 18 ஆகிய நாள்களில் செங்கற்பட்டில் முதலாவது சுயமரியாதை மாகாண மாநாடு கூடிற்று. தலைமை தாங்கியவர் ஊ.பு.அ. சௌந்தரபாண்டியனார். பட்டிவீரன்பட்டியில் செல்வக்குடியில் பிறந்த அவர், இராமநாதபுரம் ஜில்லா போர்டின் தலைவராக இருந்தவர். ஆதிதிராவிடர்களை ஏற்ற மறுக்கும் பேருந்துகளுக்கு உரிமம் இல்லை என்று ஆணையிட்டவர். சென்னைத் தியாகராயநகரின் பாண்டி பஜார் அவர் பெயரால் 'சௌந்தரபாண்டியனார் அங்காடி' என வழங்கப்பெற்றமை பலர் அறியாத செய்தியாகும்.

மாநாட்டின் தீர்மானங்களுள் இரண்டு வகை இங்கு எண்ணத்தக்கன. முதலாவது, பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் இடும் வழக்கத்தைக் கைவிடல். பிறருக்கு ஆணையிடும் தீர்மானமன்று இது. கூடியிருந்தோர் தம் பெயரினின்றே தொடங்க வேண்டிய தீர்மானம். பலர் அவ்வாறே தொடங்கினர். தந்தை பெரியார் அதற்கு முன்பே தம் பெயரினின்று பட்டத்தை நீக்கியிருந்தார். சாதியைப் பெயரோடு எழுதுவது இந்தியாவின் பல மாநிலங்களில் இயல்பாக இருக்க, தமிழகத்தில் ஒரு மாணவரின் வருகைப் பதிவேட்டில் தலைப்பெழுத்தும் பெயரும் மட்டுமே இடம்பெறுகின்றன. இம்மாற்றத்திற்கு அரசாணை தேவைப்படவில்லை. மக்கள் தாமே முன்வந்து செய்ததால் விரைவிற் பரவிற்று. சாதி அதனால் மறைந்துவிடவில்லை என்பதும் உண்மையே; அழைக்கும் பெயரில் அது முன்வந்து நிற்பது மட்டும் குறைந்தது.

இரண்டாவது வகை பெண்டிர் உரிமை பற்றியது. ஆணுக்கு நிகராகப் பெண்ணுக்கும் சொத்துரிமையும் வாரிசுரிமையும் வேண்டும். எத்தொழிலையும் மேற்கொள்ள உரிமை வேண்டும். பெண்ணின் மணவயது பதினாறுக்கு மேற்பட்டதாக இருத்தல் வேண்டும். கைம்பெண் மறுமணமும் மணவிலக்கும் ஏற்கப்பட வேண்டும். தொடக்கப் பள்ளிகளில் பெண்களையே மிகுதியாக ஆசிரியர்களாக்க வேண்டும் என்ற கருத்துகள் தீர்மான வடிவம் பெற்றன.

கூடியிருந்தவர்களிடம் சட்டம் இயற்றும் ஆற்றல் இல்லை. எனவே அவை அன்று வெறும் சொற்களே. இந்துக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலப் பங்கு தரும் சட்டம் தமிழகத்தில் நடைமுறைக்கு வந்தது 1989இல். நாடு முழுமைக்கும் வந்தது 2005இல். செங்கற்பட்டிலிருந்து கோட்டைக்குச் செல்ல ஒரு பகல் போதும். அத்தீர்மானத்திற்கு அறுபது ஆண்டுகள் வேண்டியிருந்தன.

இதனைப் படிக்கும் இசுலாமியப் பெரியோர், 'மகளின் பங்கு நம் மார்க்கத்தில் என்றோ வரையறுக்கப்பட்டதாயிற்றே' என எண்ணலாம். வரையறை பழையதே. நடைமுறையோ வேறு. 1937இல் இயற்றப்பட்ட ஷரீஅத் சட்டம் விளைநிலத்தை விலக்கியே வைத்தது. நிலமே பெருஞ்சொத்தாக இருந்த நாட்டில் இவ்விலக்கின் பொருளை விளக்க வேண்டுவதில்லை. சென்னை மாகாணம் 1949இல் திருத்தம் செய்த பிறகே விளைநிலமும் அச்சட்டத்தினுள் வந்தது. எச்சமயத்தாராயினும், ஏட்டில் உள்ள பங்கு மகளின் கைக்கு வரும்வரை அஃது ஏட்டுப் பங்கே.

பொட்டும் நிலமும்

அவ்வாண்டின் சட்டங்களுள் நுட்பமாகச் சிந்திக்கத் தக்கது, சென்னைச் சட்டசபை இந்து அறநிலையச் சட்டத்திற்குச் செய்த திருத்தமாகும். இதனை முன்னின்று கொணர்ந்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. 1886இல் புதுக்கோட்டையில் பிறந்தவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் 1912இல் பட்டம் பெற்றவர். சட்டசபையின் முதற் பெண் உறுப்பினர். அதன் துணைத் தலைவராகவும் விளங்கியவர். அவர்தம் அன்னையார் இசையும் நடனமும் வளர்த்த மரபினைச் சேர்ந்தவர். ஆதலின் தாம் பேசிய பொருளை அவர் நூல்வழி அறிந்தவரல்லர்.

சிறுமியர்க்குக் கோயில்களில் பொட்டுக் கட்டும் வழக்கம் ஏன் நீடித்தது? மரபு, பக்தி என்ற விடைகளோடு மண்ணும் ஒரு விடையாகும். கோயிற்பணி செய்யும் பெண்ணுக்கு இனாமாக நிலம் விடப்பட்டிருந்தது. பணி நின்றால் நிலமும் கைவிட்டுப் போகும். நிலம் குடும்பத்தில் நிலைக்க வேண்டுமாயின் அடுத்த தலைமுறையில் ஒரு சிறுமிக்குப் பொட்டுக் கட்டியாக வேண்டும். அவள் வயிற்றிற் பிறந்த மகளாகவும் இருக்கலாம், தத்தெடுத்த குழந்தையாகவும் இருக்கலாம். தாய் விரும்பாவிடினும் நிலம் அவளைக் கட்டாயப்படுத்திற்று.

1929ஆம் ஆண்டுத் திருத்தம் இம்முடிச்சை அவிழ்த்தது. இனாம் நிலம் கோயிற்பணி என்ற நிபந்தனையினின்று விடுவிக்கப்பட்டது. இனி மகளைப் பணிக்கு அனுப்பாவிடினும் நிலம் போகாது. வழக்கத்தைக் கண்டித்து உரையாற்றுவதினும் அவ்வழக்கத்தைத் தாங்கி நிற்கும் பொருளாதாரத் தூணை அகற்றுவதே பயன் தரும் என அவர் கண்டது, சமூகச் சீர்திருத்தம் கருதுவோர் இன்றும் கற்க வேண்டிய பாடமாகும்.

இதற்கு எதிர்ப்பும் இருந்தது. எதிர்த்தவர்களுள் அப்பெண்டிருள் ஒரு சாராரும் இருந்தனர் என்பதை மறைத்தல் வரலாற்று நேர்மையாகாது. பெங்களூர் நாகரத்தினம்மாள் போன்ற கலைவல்லார், தம்மையும் தம் கலையையும் ஒழுக்கக்கேட்டோடு ஒன்றாக்கிப் பேசுவதைக் கண்டித்தனர். பெண்வழியே இறங்கிய சொத்துரிமையும் கல்வியும் கலையும் தங்களிடம் இருந்தன. அவற்றுக்கு ஈடாகத் தரப்படுவது என்ன என வினவினர். அவ்வினா வெறும் பிடிவாதமன்று. பணியினின்று விடுபட்ட நிலம் பொதுவான குடும்பச் சொத்தாக மாறியபோது ஆடவர் அதில் பங்கு கோரலாயினர் என்றும், கலையைக் கைவிட்ட பெண்டிர் பலர்க்கு வேறு வாழ்வழி அமையவில்லை என்றும் பிற்கால ஆய்வாளர் எடுத்துக்காட்டியுள்ளனர். சிறுமியரின் வாழ்வைக் காக்கச் சட்டம் வேண்டும் என்பதும், சட்டத்தால் பாதிக்கப்படுவோரின் குரலைக் கேட்டே அதனை வகுக்க வேண்டும் என்பதும் ஒருங்கே ஏற்கத்தக்கன.

திருத்தம் நிலத்தை விடுவித்ததேயன்றிப் பொட்டுக் கட்டுதலைக் குற்றமாக்கவில்லை. அதற்கான சட்டம் சென்னை மாகாணத்தில் நிறைவேறியது 1947இல். இடைப்பட்ட பதினெட்டு ஆண்டுகளில் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் போன்றோர் ஊர் ஊராகச் சென்று பரப்புரை ஆற்றினர். முத்துலட்சுமி ரெட்டி நிறுவிய அவ்வை இல்லம், போக்கிடம் இல்லாச் சிறுமியர்க்குப் புகலிடமாயிற்று.

மணவயதுச் சட்டம்

அவ்வாண்டு செப்டம்பரில் மத்திய சட்டசபையில் குழந்தை மணத் தடைச் சட்டம் நிறைவேறிற்று. கொணர்ந்தவர் அஜ்மீரைச் சேர்ந்த ஹர் பிலாஸ் சாரதா. எனவே மக்கள் அதனைச் 'சாரதா சட்டம்' என்றனர். பெண்ணுக்குப் பதினான்கு, ஆணுக்குப் பதினெட்டு எனக் குறைந்த அளவு மணவயது வரையறுக்கப்பட்டது. எல்லாச் சமயத்தார்க்கும் பொதுவான சட்டம் இது. ஆதலால் எதிர்ப்பும் எல்லாப் பக்கங்களிலிருந்தும் எழுந்தது. சென்னையிலிருந்து சென்ற உறுப்பினர் எம்.கே. ஆச்சாரியா சாத்திரத்தின் பெயரால் எதிர்த்தார். இசுலாமிய உறுப்பினர்களுள்ளும் சமய உரிமையைக் காட்டி எதிர்த்தோர் உண்டு. முகம்மது அலி ஜின்னா சட்டத்தை ஆதரித்துப் பேசினார்.

சட்டம் 1930 ஏப்ரல் முதல் நாள்தான் நடைமுறைக்கு வரும் என அறிவிக்கப்பட்டதால் ஒரு விபரீதம் நேர்ந்தது. நாட்டின் பல பகுதிகளிலும் அந்நாளுக்கு முன்பே சிறுமியர்க்கு அவசர அவசரமாக மணம் முடிக்கப்பட்டது. காக்க வந்த சட்டமே குழந்தைகள் பலரை மணமேடைக்கு விரைவிற் கொண்டு சேர்த்தது எனலாம்.

சட்டத்தின் பிடியும் தளர்வானது. தண்டனை, பெரும்பாலும் அபராதமும் ஒரு மாதத்திற்கு மேற்படாத வெறுங்காவலுமே. வயதுக்கு முன் நடந்த மணம் செல்லாது என்றும் சட்டம் கூறவில்லை. ஓராண்டிற்குள் யாரேனும் முன்வந்து வழக்குத் தொடுக்க வேண்டும். உறவினரையும் அண்டை வீட்டாரையும் பகைத்துக்கொண்டு வழக்குத் தொடுப்போர் எத்துணையர்? பெண்ணின் மணவயது 1949இல் பதினைந்தாகவும் 1978இல் பதினெட்டாகவும் உயர்த்தப்பட்டது. செங்கற்பட்டில் கேட்கப்பட்ட பதினாறைச் சட்டம் எட்டிக் கடக்க நாற்பத்தொன்பது ஆண்டுகள் ஆயின. பழைய சட்டத்திற்கு மாற்றாக 2006ஆம் ஆண்டின் சட்டம் இயற்றப்பட்டு 2007இல் நடைமுறைக்கு வந்தது.

இவற்றுக்கிடையே மணவயதை உண்மையில் உயர்த்தியவற்றுள் பள்ளிக்கூடம் தலையாயது என்பதை ஆசிரியர் அனைவரும் அறிவர். வகுப்பில் தொடர்ந்து இருக்கும் பெண்ணுக்கு மணப்பேச்சு தாமதமாகவே வரும்.

பணியும் தேர்வும்

1929இல் சென்னைச் சட்டசபை இயற்றிய சட்டத்தின்வழி சென்னை சர்வீஸ் கமிஷன் அமைந்தது. இந்தியாவில் மாகாண அளவில் இத்தகைய அமைப்பு முதன்முதல் தோன்றியது இங்கேதான். தலைவர் உட்பட மூவரே உறுப்பினர். இன்று இலட்சக்கணக்கான இளைஞர் எதிர்நோக்கும் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் மூதாதை அதுவே.

அதற்கு முன்னர் அரசுப் பணி என்பது பெரிதும் அறிமுகத்தாலும் பரிந்துரையாலும் கிடைப்பது. ஓர் அலுவலகத்தில் தலைமை எழுத்தர் எவ்வூரினரோ, பிற எழுத்தரும் அவ்வூரினராக இருத்தல் வியப்பன்று. இந்நிலையை மாற்ற இரண்டு கருவிகள் ஏறத்தாழ ஒரே காலத்தில் வந்தன. ஒன்று, 1920களின் இறுதியில் சுப்பராயன் அமைச்சரவையில் எஸ். முத்தையா முதலியார் முயற்சியால் செயலுக்கு வந்த வகுப்புவாரி ஆணை. பன்னிரண்டு இடங்களுள் பார்ப்பனரல்லாத இந்துக்களுக்கு 5, பார்ப்பனர்க்கு 2, இசுலாமியர்க்கு 2, ஆங்கிலோ இந்தியரும் கிறித்தவரும் சேர்ந்தார்க்கு 2, தாழ்த்தப்பட்டோர்க்கு 1 என அது பகுத்தது. மற்றொன்று இவ்வாணையம். இன்னின்னார்க்கு இத்துணை இடம் என்பதை முன்னது வரையறுத்தது. அவ்விடத்திற்கு உரியவரை விருப்பு வெறுப்பின்றித் தெரிவு செய்யும் முறையைப் பின்னது வளர்த்தது. தகுதியும் பங்கீடும் ஒன்றுக்கொன்று பகை எனப் பேசுவோர், அவை இரண்டும் தமிழகத்தில் ஒரே தலைமுறையில் உடன்பிறந்தவை என்பதை எண்ணிப் பார்த்தல் நலம்.

தில்லையில் ஒரு பல்கலைக்கழகம்

சிதம்பரத்தில் 1920இல் மீனாட்சி கல்லூரியைத் தொடங்கியவர் அண்ணாமலைச் செட்டியார். பின்னர் அங்குத் தமிழ்க் கல்லூரியையும் நிறுவி, 1924 முதல் 1927 வரை டாக்டர் உ.வே. சாமிநாதையரை முதல்வராக அமர்த்தினார். இக்கல்வி நிறுவனங்களோடு இருபது இலட்சம் ரூபாயையும் அவர் அளிக்க, 1928இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தோன்றிற்று. எஸ்.இ. ரங்கநாதன் முதல் துணைவேந்தராயினார். செட்டிநாட்டரசர் என்ற பட்டம் நிறுவனர்க்குக் கிடைத்ததும் அவ்வாண்டிலேயே.

சென்னையில் அமைந்த பல்கலைக்கழகம் ஒன்றே தமிழ் மாவட்டங்கள் அனைத்திற்கும் போதும் என்றிருந்த நிலை இதனால் மாறிற்று. விபுலாநந்த அடிகள், நாவலர் சோமசுந்தர பாரதியார் போன்றோர் அங்குத் தமிழ்ப் பேராசிரியர்களாக வீற்றிருந்தனர். 1941இல் தமிழிசை மாநாடு அங்குக் கூடிற்று. சென்னைப் பல்கலைக்கழகத்திலோ, எஸ். வையாபுரிப்பிள்ளையின் பதிப்பாண்மையில் தமிழ்ப் பேரகராதி பகுதி பகுதியாக வெளிவந்துகொண்டிருந்தது. தமிழ் பயில்வார்க்கு 1929 இவ்வாறு இரு திசைகளிலும் ஆக்கம் தந்த காலமாகும்.

மாநிலக் கல்லூரி மாணவர் ஒருவர்

மாணவர்கள் அறிந்து மகிழத்தக்க நிகழ்ச்சி ஒன்றும் அவ்வாண்டில் உண்டு. சென்னை மாநிலக் கல்லூரியில் இளங்கலை வகுப்பில் இயற்பியல் பயின்ற பதினெட்டு வயது மாணவர் சுப்பிரமணியன் சந்திரசேகர், காம்ப்டன் சிதறல் பற்றித் தாமே எழுதிய கட்டுரையைக் கேம்பிரிட்ஜில் இருந்த ஆர்.எச். பௌலர் என்னும் அறிஞர்க்கு அனுப்பினார். அது 1929இல் இலண்டன் அரச கழகத்தின் ஆய்விதழில் வெளிவந்தது. அவ்வாண்டு அக்டோபரில் சென்னைக்கு வந்த செருமானிய அறிவியலறிஞர் ஐசன்பர்க்குக்கு ஊரைச் சுற்றிக்காட்டும் பொறுப்பும் இம்மாணவர்க்கே வாய்த்தது. 1983இல் நோபல் பரிசு பெற்ற சந்திரசேகர் இவரே. பெரிய ஆய்வுக்கூடமும் வெளிநாட்டுப் பயணமும் வாய்ப்பதற்கு முன்பே, கல்லூரி நூலகத்து நூல்களையும் தம் உழைப்பையும் துணைக்கொண்டு அவர் எழுதினார் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

ஆண்டின் இறுதி

அக்டோபர் இறுதியில் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்தது. அதன் அதிர்வு தஞ்சை நெற்களத்தை எட்ட நெடுங்காலம் ஆகவில்லை. நெல் விலை வீழ, உழவர் கடனில் ஆழ்ந்தனர். செட்டிநாட்டு வணிகர்க்கோ பர்மாவில் வேறொரு துன்பம் காத்திருந்தது. கடன் வாங்கிய பர்மிய உழவர் திருப்பித் தர இயலாமையால் நிலம் அவர்கள் கைக்கு வந்தது. கீழ்ப் பர்மாவின் பதின்மூன்று முதன்மை நெல் மாவட்டங்களில் 1930இல் நூற்றுக்கு 6 பங்காக இருந்த அவர்தம் நிலவுடைமை, 1937இல் 25 பங்காயிற்று. அவர்கள் வேண்டியது நிலமன்று, பணம். வேண்டாத நிலம் பர்மியரின் பகையையும் உடன்கொண்டு வந்தது. தில்லைப் பல்கலைக்கழகம் அச்செல்வத்தின் உச்சிக் காலத்தில் எழுந்தது. செல்வம் கரைந்தது, கல்வியாக மாறிய பகுதி நின்றது.

டிசம்பரில் பெரியார் நாகப்பட்டினத்திலிருந்து மலாயாவுக்குக் கப்பலேறி, அங்குள்ள தமிழரிடையே செங்கற்பட்டுக் கருத்துகளைப் பரப்பினார். அம்மாத இறுதியில் லாகூரில் காங்கிரசு முழு விடுதலையே குறிக்கோள் என முழங்கிற்று. அதன் விளைவாக 1930 ஏப்ரலில் இராஜாஜி தலைமையில் தொண்டர்கள் திருச்சியிலிருந்து வேதாரணியத்திற்கு நடந்தனர். அடுத்த ஆண்டின் பேரொலியில் 1929இன் மெல்லொலி மறைந்துபோயிற்று.

நிறைவாக

நிலத்தை விடுவித்த திருத்தத்திற்கும் பொட்டுக் கட்டுதலைத் தடுத்த சட்டத்திற்கும் இடையே பதினெட்டு ஆண்டுகள். மணவயது பற்றிய கோரிக்கை நிறைவேற நாற்பத்தொன்பது ஆண்டுகள். மகளின் சொத்துரிமைக்கு அறுபது ஆண்டுகள். இவ்வெண்கள் தாமாக ஓடியவை அல்ல. ஒவ்வோர் ஆண்டிலும் யாரோ ஒருவர் அக்கோரிக்கையை மறக்காமல் மீண்டும் எழுப்பியிருக்கிறார். யாரோ ஓர் ஆசிரியர் ஒரு மாணவியைப் பள்ளியினின்று நிற்கவிடாமல் காத்திருக்கிறார். யாரோ ஒரு தந்தை தம் மகளின் பங்கை எழுதிக் கொடுத்திருக்கிறார். பெயர் அறியப்படாத அவர்களே தாளுக்கும் வாழ்க்கைக்கும் இடைப்பட்ட தொலைவை நடந்து கடந்தவர்கள்.

சட்டம் முழுவதும் கைகூடிவிட்ட இக்காலத்திலும் பதினெட்டு நிறையும் முன்பே படிப்பை விட்டு மணமேடைக்குச் செல்லும் பெண்கள் உள்ளனர். உடன்பிறந்தாரின் மனம் நோகும் என அஞ்சித் தம் பங்கை விட்டுக்கொடுத்துக் கையொப்பமிடும் மகளிரும் எல்லாச் சமயங்களிலும் உள்ளனர். எஞ்சியுள்ள அத்தொலைவைக் கடத்தல் இனிச் சட்டமன்றத்தின் கடமை மட்டுமன்று. மாணவச் செல்வங்களும் அவர்தம் பெற்றோரும் தத்தம் இல்லத்தில் செய்து முடிக்க வேண்டிய பணி அது.